"அவர் திருப்பி சல்யூட் அடிப்பதில்லையே, நான் மட்டும் ஏன்?": சார்ஜெண்ட் ஒருவரின் கடிதத்துக்கு வழக்கறிஞரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

தரைப்படை ஒன்றில் 19 ஆண்டுகளாகப் பணியாற்றும் சார்ஜெண்ட் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். எந்த நாடு, எந்தப் படைப்பிரிவு என்பதை அவர் விருப்பப்படி நீக்கிவிட்டேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அவருடைய மனக்குறை பல ஆண்டுகளாகச் சேர்ந்து வந்திருக்கிறது. "நாங்கள் சேர்ந்த காலத்தில் சீனியர் உள்ளே நுழைந்தால் மொத்த பாரக்கும் (வீரர்கள் தங்கும் கூடம்) எழுந்து நிற்கும். இன்று கட்டிலில் சாய்ந்தபடி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்கிறார்கள்" என்கிறார். எதிரே அதிகாரி வருவது தெரிந்தால் சட்டென்று போனைக் காதில் வைத்துக்கொள்கிறார்கள், இல்லையென்றால் வேறு பாதையில் திரும்பிவிடுகிறார்கள். மாலையில் கொடி இறக்கும் பியூகிள் ஒலித்தால் நின்று கொடிப் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் பக்கத்துக் கட்டடத்துக்குள் ஓடிவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய உத்தரவுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன் என்கிறார்.

இரண்டு வாரத்துக்கு முன் பொறுமை போய்விட்டது. யூனிட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் லெப்டினன்ட் ஒருவரை, ஒரு காதில் இயர்போன் மாட்டிய ஜூனியர் வீரன் சல்யூட் அடிக்காமல் கடந்து போயிருக்கிறான். சார்ஜெண்ட் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "அவர் திருப்பி சல்யூட் அடிக்கிறதே இல்லை. தலையை ஆட்டிட்டுப் போயிடறார். நான் மட்டும் எதுக்கு அடிக்கணும்?" என்று பத்துப் பேர் முன்னால் பதில் வந்திருக்கிறது. "காலரைப் பிடித்து நிமிர்த்தி நிற்க வைத்தேன், அடிக்கவில்லை" என்று எழுதுகிறார் இவர். அந்த வீரன் "கையை எடுங்க" என்று கத்தியிருக்கிறான். அதற்குத் தண்டனையாக, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்து சல்யூட் அடிக்க வைத்திருக்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். ஒருவர் போனில் வீடியோ எடுத்திருக்கிறார். இப்போது அந்த வீரன் புகார் கொடுத்துவிட்டான். விசாரணைக்கு உத்தரவாகியிருக்கிறது.

அவர் கேட்பவை: கீழ்ப்படியாமைக்காக அந்த வீரன்மேல் நான் எதிர்ப்புகார் கொடுக்கலாமா? அன்றிரவே மனுவை எழுதி வைத்துவிட்டேன். என்மேல் நடவடிக்கை வருமா? அதற்குமுன் ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விடட்டுமா? ராணுவத்தில் மரியாதை செத்துவிட்டது என்று எல்லோரும் அறியும்படி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதட்டுமா?

பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். 19 ஆண்டுகள் ஒரே சீருடையில் இருந்த ஒருவருக்குத்தான் இந்த வலி வரும். சல்யூட்டும் அட்டென்ஷனும் வெறும் சடங்கு என்று நினைப்பவராக இருந்தால் அன்று கண்டுகொள்ளாமல் போயிருப்பீர்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால், மன்னியுங்கள், உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி என்று எனக்குப் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான்: "காலரைப் பிடித்து நிமிர்த்தி நிற்க வைத்தேன், அடிக்கவில்லை." விசாரணை அதிகாரியின் கண் முதலில் போய் நிற்கப்போவதும் அந்த வரியில்தான்.

எந்த நாட்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் எடுத்துப் பேசினால் நீங்கள் யாரென்று உங்கள் யூனிட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் சில நாடுகளின் படைச் சட்டங்களைச் சேர்த்தே சொல்கிறேன். எண்களும் பிரிவுகளும் வேறுபடும். அடிப்படை எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எது சட்டம், எது விதி, எது வழக்கம்

நீங்கள் அடுக்கியிருக்கும் குறைகளை எல்லாம் "கீழ்ப்படியாமை" என்ற ஒரே பைக்குள் போட்டிருக்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மேலதிகாரி நேரில் கொடுத்த சட்டபூர்வமான உத்தரவை மீறுவதும், அவரை அவமதித்துப் பேசுவதும் கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்றம்) வரை போகக்கூடிய குற்றங்கள். யாருக்கு, எப்போது, எங்கே சல்யூட் அடிப்பது என்பது விதிகளிலும் நிலையாணைகளிலும் (யூனிட்டில் எப்போதும் நடப்பில் இருக்கும் எழுத்து உத்தரவுகள்) வரும். அதைத் தவறவிட்டால் சாதாரணமாகக் கண்டிப்பு, மிஞ்சினால் கமாண்டிங் ஆபீசர் அளவில் சிறு தண்டனை. மூன்றாவதாக, எங்கும் எழுதி வைக்காத வழக்கம். சீனியர் சார்ஜெண்ட் நுழைந்தால் பாரக்கே எழுந்து நிற்பது பல இடங்களில் இந்த மூன்றாவது வகைதான். அழகான வழக்கம். ஆனால் உங்கள் யூனிட்டின் நிலையாணையில் அது இல்லையென்றால், எழாதவன்மேல் எந்தக் குற்றச்சாட்டும் நிற்காது. கட்டைவிரல் படமும் அப்படியே. உத்தரவுக்கு எப்படிப் பதில் போட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் பிரச்சினை அத்தோடு முடிந்துவிடும்.

கொடி இறக்கும் நேரத்தில் ஓடி ஒளிவது மட்டும் எனக்கும் உறுத்துகிறது. அது எந்த மனிதருக்கும் காட்டும் மரியாதை இல்லை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எதிர்ப்புகார் கொடுக்கலாமா?

கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கொடுக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அந்த வீரன் பேசியதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். காலரைப் பிடிப்பதற்கு முன் சொன்னது ஒன்று, பின் சொன்னது ஒன்று. முன்னால் சொன்னது ஒரு கேள்வி. தொனி சரியில்லை, இடமும் சரியில்லை. ஆனாலும் கேள்விதான். உங்கள் உத்தரவை அவன் மறுக்கவில்லை. ஏனென்றால் அந்த நேரம் வரை நீங்கள் எந்த உத்தரவும் போடவில்லை, காரணம்தான் கேட்டீர்கள். கோர்ட் மார்ஷலில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது இதைத்தான்.

பின்னால் சொன்ன "கையை எடுங்க" என்பதை வைத்து நீங்கள் மனு எழுதியிருக்கிறீர்கள். இது இன்னும் பலவீனமானது. அமெரிக்க ராணுவ நீதிச் சட்டத்தின் 91-ஆவது பிரிவு சார்ஜெண்ட் போன்ற நிலையிலிருப்பவர்களை அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் அதே சட்டத்துக்கான கோர்ட் மார்ஷல் கையேட்டில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மேல்நிலையில் இருப்பவரின் நடத்தை அந்த ரேங்குக்குரிய தரத்திலிருந்து பெரிதும் விலகிப்போனால், அந்த ரேங்க் தரும் சட்டப் பாதுகாப்பை அவர் அந்தச் சமயத்தில் இழக்கிறார். கீழே இருப்பவனின் உடம்பில் கை வைத்தபிறகு அவன் கத்தினான் என்று புகார் கொடுப்பது இந்த விதிவிலக்கின் வாசலிலேயே போய் நிற்பதாகும்.

இந்தியாவின் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தைப் பாருங்கள். மேலதிகாரியிடம் பணிவற்ற சொற்களைப் பேசுவது 40-ஆவது பிரிவில் வருகிறது. உச்சத் தண்டனை 5 ஆண்டுச் சிறை. தனக்குக் கீழே இருப்பவர்மேல் பலத்தைப் பயன்படுத்துவது அல்லது வேறு வகையில் கொடுமைப்படுத்துவது 47-ஆவது பிரிவு. அதன் உச்சத் தண்டனை 7 ஆண்டு. கீழே இருப்பவனின் வாயைவிட மேலே இருப்பவனின் கையைத்தான் சட்டம் பெரிதாகப் பார்க்கிறது. ஜெர்மனியின் ராணுவக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அடிக்காவிட்டாலும் இழிவுபடுத்தும் விதமாக நடத்துவதையே தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. சுவருக்கு ஒரு மணி நேரம் சல்யூட் அடிக்க வைத்தது அந்தச் சட்டத்தின் முன் வந்தால் என்ன பெயர் பெறும் என்று யோசியுங்கள்.

இவை உச்சவரம்புகள். காலரைப் பிடித்ததற்காக ஏழாண்டு சிறை என்று பயந்துவிடாதீர்கள். நல்ல பணிப் பதிவு உள்ள ஒருவருக்குக் கண்டனம், பதவி உயர்வில் தாமதம் என்ற அளவில் முடிவதற்கு வாய்ப்பு அதிகம். ஆனால் நீங்கள் எதிர்ப்புகார் கொடுத்தால் விசாரணையின் வீச்சு பெரிதாகும். சாட்சிகள் கூடுவார்கள். வீடியோ மீண்டும் மீண்டும் ஓடும். சிறியதாக முடியக்கூடிய விஷயத்தை நீங்களே பெரிதாக்குவீர்கள்.

ஜெர்மானியப் படைவீரர்களின் புகார் விதியில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. புகாரை ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதே சமயம், சம்பவம் நடந்து ஓர் இரவு கழியும் முன் கொடுக்கக் கூடாது. ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகும் அதே எண்ணம் இருந்தால்தான் புகார். அன்றிரவே எழுதிய உங்கள் மனுவை நினைத்தபோது இந்த விதிதான் ஞாபகம் வந்தது.

"எங்களுக்கும் இப்படித்தான் செய்தார்கள்"

உங்கள் கடிதத்தில் இந்த வாக்கியம் மூன்று இடங்களில் வருகிறது. உங்களை வெயிலில் நிறுத்தினார்கள், மணலில் உருளச் செய்தார்கள், நீங்கள் உருப்பட்டீர்கள். நம்புகிறேன். ஆனால் இது வாக்குமூலத்தில் வரவே கூடாத வாக்கியம். பழைய தவறு புதிய தவறுக்குச் சட்டத்தில் சாக்காகாது. அதைவிட, "இவர் இப்படி வழக்கமாகவே செய்கிறவர்" என்று படிப்பவர் முடிவுகட்டவும் அது இடம் கொடுக்கும்.

தண்டிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இந்தியச் சட்டத்தின் 80-ஆவது பிரிவில் 28 நாள் வரையிலான சிறை, காவல், குடியிருப்பு லைனை விட்டு வெளியே போகவிடாமல் வைப்பது, கூடுதல் டியூட்டி, கண்டனம் என்று சிறு தண்டனைகளின் பட்டியல் இருக்கிறது. அந்த அதிகாரம் கமாண்டிங் ஆபீசருக்குரியது. அமெரிக்கச் சட்டத்தின் 15-ஆவது பிரிவும் அப்படியே. சார்ஜெண்டுக்கு இருப்பது திருத்தும் அதிகாரம். திருத்துவது என்பது செய்த தவறோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும், திறமையை வளர்ப்பதாக இருக்க வேண்டும், தண்டனையாக இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தரைப்படையின் விதி.

"சல்யூட் அடிக்காதவனை சல்யூட் பழக வைத்தேன், இது சம்பந்தப்பட்டதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்து நிமிடம், தனியிடத்தில், எவ்வளவு தூரத்தில் கையைத் தூக்குவது, முழங்கை எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், எப்போது இறக்குவது என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அது பயிற்சி. ஒரு மணி நேரம், சாப்பாட்டுக்கு முன், சிரிக்கும் கூட்டத்தின் நடுவில், சுவரைப் பார்த்து என்றால் அது அவமானம். செய்த செயல் ஒன்றுபோலத் தெரிந்தாலும் நோக்கத்தைச் சூழல் காட்டிக்கொடுத்துவிடும். படம் எடுத்தவரை நீங்கள் தடுக்கவில்லை என்பதும் உங்களுக்கு எதிராகவே பேசும்.

அந்தப் பையனின் கேள்விக்கு என்ன பதில்?

"அவர் திருப்பி அடிப்பதில்லையே, நான் மட்டும் எதுக்கு?" இந்தக் கேள்வியைத் திமிர் என்று ஒதுக்கிவிட்டீர்கள். எனக்கு அது சரியான கேள்வியாகத்தான் படுகிறது.

சல்யூட் என்பது கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குக் கட்டும் வரி அல்ல. அது இருவருக்கும் இடையிலான பரிமாற்றம். முதலில் அடிக்கும் கடமை ஜூனியருக்கு, பெற்றுக்கொண்டு திருப்பி அடிக்கும் கடமை சீனியருக்கு. இரண்டும் கடமைதான். தலையை ஆட்டிவிட்டுப் போகும் லெப்டினன்டும் மரியாதையைக் குறைக்கிறவர்தான். உங்கள் கடிதம் முழுவதிலும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறை இல்லை. ஆனால் பாரக்கில் எல்லோரும் அவரையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பையனுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் இருக்கிறது. நீ சல்யூட் அடிப்பது அந்த மனிதருக்கு அல்ல, அவர் ஏற்றிருக்கும் பொறுப்புக்கு. அவர் திருப்பித் தராதது அவருடைய தவறு. அதைக் காரணம் காட்டி உன் பங்கை நிறுத்த முடியாது. இதைப் பகை நாடுகளுக்கு இடையிலேயே உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 39-ஆவது பிரிவைப் படித்துக் காட்டுங்கள். போர்க் கைதியாகப் பிடிபட்ட சிப்பாய், தன்னைப் பிடித்து வைத்திருக்கும் படையின் அதிகாரிகளுக்கு சல்யூட் அடிக்க வேண்டும். கைதியான அதிகாரி தன்னைவிட உயர்ந்த ரேங்க் உள்ளவர்களுக்கு அடித்தால் போதும். ஆனால் முகாம் கமாண்டருக்கு, அவர் ரேங்க் எதுவானாலும், அடிக்க வேண்டும். நேற்று வரை சுட்டுக்கொண்டிருந்தவர்கள் இதைச் செய்கிறார்கள் என்றால் அதில் தனிமனித அன்புக்கு இடமே இல்லை.

இந்தத் தலைமுறைதான் கெட்டுவிட்டதா?

இல்லை, ஐயா. இந்தச் சச்சரவு உங்களுக்கும் எனக்கும் முன்பே நூறாண்டுக்கு மேல் வயதானது. 1917 மார்ச்சில், ரஷ்யப் புரட்சியின்போது, தலைநகரில் தொழிலாளர்களும் சிப்பாய்களும் அமைத்த மன்றமான பெத்ரோகிராத் சோவியத் தன் முதல் ஆணையைப் பிறப்பித்தது. அணியிலும் டியூட்டியிலும் கண்டிப்பான ஒழுங்கு வேண்டும் என்றது. டியூட்டிக்கு வெளியே அட்டென்ஷனும் கட்டாய சல்யூட்டும் கிடையாது என்றது. "மேன்மை தங்கிய" என்ற வகைப் பட்டங்களை ஒழித்தது. அதே மூச்சில், சிப்பாய்களை ஒருமையில் அழைப்பதையும் முரட்டுத்தனமாக நடத்துவதையும் தடை செய்தது. கீழே இருந்தவர்களின் மனதில் என்ன புழுங்கிக்கொண்டிருந்தது என்பதை அந்தப் பட்டியலே சொல்கிறது. அந்த ஆணைக்குப் பின் ரஷ்யப் படையில் ஒழுங்கு வேகமாகச் சரிந்தது என்று அதிகாரிகள் குற்றம் சாட்டினார்கள். போரில் ஏற்கெனவே நொறுங்கிக்கொண்டிருந்த படை அது என்பதும் உண்மை. ஆனால் ரேங்குகளை ஒழித்த அதே புரட்சியின் படை, 1935-இல் தனிநபர் ரேங்குகளைத் திரும்பக் கொண்டுவந்தது, 1943-இல் ஜாரின் காலத்துத் தோள்பட்டைச் சின்னங்களையும் மாட்டிக்கொண்டது. சீனாவின் மக்கள் விடுதலைப் படை 1965-இல் ரேங்குகளை நீக்கியது, 1988-இல் மீண்டும் ஏற்படுத்தியது. அடையாளமும் மரியாதையும் இல்லாமல் பெரிய படையை நடத்துவது கடினம் என்பதை இவர்கள் செய்தே பார்த்துவிட்டார்கள். அந்த வகையில் உங்கள் கவலை நியாயமானது.

மறுபக்கத்தையும் பாருங்கள். இரண்டாம் உலகப் போரை வென்று திரும்பிய அமெரிக்க வீரர்கள்தான் அதிகாரிகளின் நடத்தை பற்றியும் சலுகைகள் பற்றியும் மிகக் கடுமையாகக் குறை சொன்னார்கள். அதை ஆராய 1946-இல் ஜெனரல் டூலிட்டில் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். முகாமுக்கு வெளியே சல்யூட் தேவையில்லை என்பது வரை அந்தக் குழு பரிந்துரைத்தது. அவர்களை மரியாதை தெரியாத தலைமுறை என்று இன்று யாரும் சொல்வதில்லை. இஸ்ரேலியப் படையில் சிப்பாய்கள் அதிகாரிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது சகஜம், அன்றாட சல்யூட்டும் குறைவு. ஆனாலும் உத்தரவு என்றால் உத்தரவுதான். உங்கள் பாரக்கில் யாராவது இதை எடுத்துக்காட்டினால் கோபப்படாமல் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு, நம் படையின் விதி எது என்று கேளுங்கள்.

இதில் இன்னொன்றும் உண்டு. மரியாதை காட்டாத எல்லோரும் மரியாதை மறுப்பவர்கள் அல்ல. போர்க்களத்தில் சல்யூட் அடித்தால் யார் அதிகாரி என்று எதிரியின் குறிபார்ப்பவனுக்குத் தெரிந்துவிடும் என்பதால் அங்கே அது கூடாது என்று பயிற்றுவிக்கிறார்கள். உங்கள் யூனிட்டில் பலர் நீண்ட களப்பணி முடிந்து திரும்பியவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதக்கணக்கில் கையைத் தூக்காமல் பழகியவர்களை முகாமுக்கு வந்ததும் தானாகத் திரும்பிவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. யாராவது மறுபடி பழக்க வேண்டும். அந்த வேலை சார்ஜெண்டுகளுடையது.

ஓய்வு, பகிரங்கக் கடிதம்

ஓய்வு வாங்கினால் விசாரணை நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். பல நாடுகளில் நிற்பதில்லை. இந்தியச் சட்டத்தின் 123-ஆவது பிரிவின்படி, பணியில் இருந்தபோது செய்த குற்றத்துக்குப் பணி முடிந்து 3 ஆண்டுக்குள் விசாரணை தொடங்கலாம். விசாரணை நிலுவையில் இருக்கும்போது கொடுக்கும் ஓய்வு விண்ணப்பத்தைக் குற்ற உணர்வின் அடையாளமாகப் படிப்பவர்களும் இருப்பார்கள். பணத்தைப் பொறுத்தவரை, ஓய்வூதியத் தகுதிக்கு உங்களுக்கு இன்னும் எவ்வளவு காலம் தேவை என்பதைப் பதிவேட்டில் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பகிரங்கக் கடிதம் வேண்டவே வேண்டாம். பணியில் இருப்பவர் அனுமதியில்லாமல் படை விஷயங்களை வெளியே எழுதுவதே தனி விதிமீறல். உங்கள் ஆதங்கம் உண்மையானதாக இருக்கலாம், ஆனால் ஒரு வாரத்தில் அது உங்கள் கையை விட்டுப் போய், அந்த வீடியோவோடு சேர்ந்து சுற்றும்.

இப்போது செய்ய வேண்டியவை

முதலில் ஒரு வழக்கறிஞர். யூனிட்டுக்குள் உதவி கிடைக்குமானால் அதையும் கேளுங்கள், ஆனால் உங்கள் தரப்பை மட்டும் பார்க்கும் ஒருவர் தேவை. அவரிடம் பேசும் முன் எழுத்தில் எதுவும் தராதீர்கள். அமெரிக்கச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, சந்தேகத்துக்குள்ளானவரிடம் என்ன குற்றச்சாட்டு என்பதையும், பேசாமல் இருக்கலாம் என்பதையும் சொல்லிவிட்டே கேள்வி கேட்க வேண்டும் என்கிறது. இந்திய ராணுவ விதிகளில் 180-ஆவது விதி, ஒருவரின் குணநலனையோ ராணுவ நற்பெயரையோ பாதிக்கும் விசாரணை மன்றத்தில் அவர் முழுநேரமும் உடனிருக்கவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் வாய்ப்புத் தருகிறது. உங்கள் சட்டத்தில் இதற்கு இணையானது எது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு, அந்த உரிமையை எழுத்தில் கோருங்கள்.

அந்த வீரனைத் தனியே சந்தித்துச் சமாதானம் பேசாதீர்கள். நல்ல எண்ணத்தில் போனாலும் மிரட்டல் என்று பதிவாகும். வீடியோவை எடுத்தவரிடம் அழிக்கச் சொல்லாதீர்கள், அது சாட்சியத்தை அழிக்கும் முயற்சியாகிவிடும். அன்று நடந்ததை நேர வரிசையில், உங்களுக்குப் பாதகமானதையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதி வழக்கறிஞரிடம் மட்டும் கொடுங்கள்.

அப்புறம் மன்னிப்பு. காலரைத் தொட்டது தவறு என்று ஒப்புக்கொள்வது சட்டப்படி ஆபத்தில்லாதது அல்ல, அது வாக்குமூலமாகும். ஆனால் வீடியோ இருக்கும்போது மறுப்பது அதைவிட ஆபத்து. வழக்கறிஞர் சம்மதித்தால், கமாண்டிங் ஆபீசர் முன்னிலையில், முறையான வழியில், "நான் கண்டித்தது சரி, கண்டித்த விதம் தவறு" என்று சொல்வதையே நான் விரும்புவேன். உங்கள் நிலையை அது தாழ்த்தும் என்று பயப்படுகிறீர்கள். பாரக்கில் இருப்பவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள். நேர்மையாகத் தவறை ஒப்புக்கொள்ளும் சீனியரை அவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

விசாரணை முடிந்தபின் பாரக்கில்

லெப்டினன்டிடம் பேசுங்கள். புதிதாக வந்த அதிகாரிக்கு நடைமுறையைச் சொல்லித் தருவது அனுபவமுள்ள சார்ஜெண்டின் பழைய கடமைதான். தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, "சார், பசங்க உங்களைக் கவனிக்கிறாங்க. நீங்க நின்னு முழுசா திருப்பி அடிச்சா, ஒரு மாசத்துல யாரும் பாதை மாற மாட்டாங்க" என்று சொன்னால் போதும். பெரும்பாலான இளம் அதிகாரிகள் கூச்சத்தால்தான் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். தன்னைவிட வயதில் மூத்தவர்கள் கையைத் தூக்கும்போது என்ன செய்வதென்று தெரியாத சங்கடம் அது.

கொடி இறக்கும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே நீங்கள் வெளியே போய் நில்லுங்கள். யாரையும் விரட்ட வேண்டாம், யார் பெயரையும் குறிக்க வேண்டாம். உங்கள் செக்‌ஷனில் இரண்டு பேரைக் கூட வரச்சொல்லுங்கள். அந்தக் கொடி போர்த்தி அனுப்பப்பட்ட உங்கள் பழைய தோழர் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதை அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் பார்த்தால் சொன்னதாகத் தெரியவில்லை. எனக்குச் சொன்னதை முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஒருமையில் அழைப்பதை நிறுத்துங்கள். காலையில் முதலில் நீங்கள் வணக்கம் சொல்லுங்கள். கண்டிக்க வேண்டியதைத் தனியே கூப்பிட்டுக் கண்டியுங்கள், அதே தவறு திரும்ப வந்தால் எழுத்தில் பதிவு செய்யுங்கள். மூன்றாவது முறை கமாண்டிங் ஆபீசர் முன் நிறுத்தும்போது அந்தப் பதிவுகள்தான் உங்களுக்குத் துணையாக நிற்கும். இந்த வழி மெதுவானது, தெரியும். ஆனால் இந்த வழியில் போனவரை எந்த வீடியோவும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒன்று விட்டுப்போய்விட்டது. அன்றிரவு எழுதிய எதிர்ப்புகார் மனுவைக் கொடுக்க வேண்டாம் என்றேன். அதைக் கிழித்தும் போடாதீர்கள். தேதியோடு அப்படியே வைத்திருந்து வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சம்பவம் நடந்த சில மணி நேரத்தில், எதையும் மறைக்கும் யோசனை வரும் முன் எழுதியது அது. அதை என்ன செய்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.